ஒரு சட்டைக்கு நாலு அடை

அக்டோபர் 5, ஞாயிறு

ஒரு வாரமாக சாமுவேல் கிர்க்லாண்டைப் பற்றிய புத்தகம்தான். 1766-ல் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒனைடா மக்களிடம் ஊழியத்துக்குப் போன மிஷனரி. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதற்கு முந்தைய வருடம்.

23 வயது. செனெகா என்ற இன்னொரு பூர்வகுடியினரின் ஊர் ஒன்றில் தங்கியிருக்கிறார். கடும் பஞ்சம். தன் சட்டை ஒன்றைக் கொடுத்து, சாம்பலில் சுட்ட நாலு அடை வாங்குகிறார். நாலையும் ஒரே வேளையில் விழுங்கியிருப்பாராம். நாளைக்கு வேண்டுமே என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் ஓக் மரத்துக் கொட்டையைக் கரடிக் கொழுப்பில் வறுத்துத் தின்ற கதை வேறு.

தங்க இடம் கொடுத்தவர் திடீரென்று இறந்துபோக, இந்த வெள்ளைக்காரன் வந்ததுதான் காரணம் என்று சிலர் கிளம்பினார்கள். சபை கூடிப் பேசி, இவர்மேல் குற்றமில்லை என்று முடித்தது. பட்டினிக் காலத்தில் ஓர் அந்நியனுக்கு இவ்வளவு பொறுமையான விசாரணை! இவர்களைத்தான் நாகரிகப்படுத்தப் போயிருக்கிறார்.

அக்டோபர் 8, புதன்

வேலை அதிகம், பத்துப் பக்கம்தான் ஓடியது. 1769-ல் ஜெருஷாவுடன் திருமணம், அடுத்த வருடமே இரட்டைப் பிள்ளைகள். அதில் ஒருவர் பின்னாளில் ஹார்வர்டின் தலைவர்.

அக்டோபர் 9, வியாழன்

அமெரிக்கப் புரட்சிப் போர். இரோகுவா என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் ஆறு தேசங்களில் ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் நின்றன. கிர்க்லாண்டின் செல்வாக்கும் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்றால் ஒனைடாக்களுக்குச் சொந்த புத்தி இல்லை என்றாகிவிடும். 1777-ல் ஒரிஸ்கனியில் கூட்டமைப்பின் சொந்தச் சகோதரர்களையே எதிர்த்துச் சண்டை. 1780-ல் ஒனைடாக்களின் பெரிய ஊரான கனோன்வாலோஹாலே எரிக்கப்பட்டது.

சரி, ஜெயித்த பக்கம் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது? 1788-ல் நியூயார்க் மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம். 50 லட்சம் ஏக்கருக்கு மேல் கைவிட்டுப் போய், மிஞ்சியது சுமார் இரண்டரை லட்சம். அதே சமயத்தில் போதகருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். சட்டையை விற்று அடை தின்ற பையன்தானே இவர்?

அக்டோபர் 12, ஞாயிறு

நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளின்டன் ஊருக்குப் போய்வந்தேன். 1793-ல் வெள்ளையர், ஒனைடா பிள்ளைகள் இருவருக்குமாக கிர்க்லாண்ட் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஹாமில்டன் கல்லூரி. ஒனைடா பிள்ளைகள் அங்கே படித்தது மிகக் குறைவு.

கல்லூரிக் கல்லறைத் தோட்டத்தில் கிர்க்லாண்டும் ஒனைடா தலைவர் ஸ்கெனன்டோவாவும் இருக்கிறார்கள். தலைவர் இறந்தது 1816-ல்; வயது 110 என்பார்கள். உயிர்த்தெழும் நாளில் போதகரின் அங்கியைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாம், அவர் பக்கத்திலேயே புதையுங்கள் என்று கேட்டாராம். நிலம் போன கதை தெரிந்த மனிதர். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பும் வழியில் வெரோனாவில் காபி. பக்கத்தில் ஒனைடா தேசத்தாரின் டர்னிங் ஸ்டோன் காசினோ, சூதாட்ட விடுதி. கிர்க்லாண்ட் முகம் சுளித்திருப்பார். அந்த வருமானத்தில்தான் பழைய நிலத்தைத் துண்டு துண்டாக விலைகொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.