நியூரோசயின்ஸ் படிக்க வர்றீங்களா? ஈயில் தொடங்குங்கள்

இசிஇ முடித்துவிட்டு நியூரோசயின்ஸ் பக்கம் வந்தவன் நான். எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டால், புத்தகம் இருக்கட்டும், முதலில் ஒரு சின்ன நரம்பு சர்க்யூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். தலையணை சைஸ் பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தால் அயனி சேனலைத் தாண்டுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்தது பழ ஈ. தான் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதற்கான கணக்கை அதன் மூளை நடுவே வளையமாக உள்ள ஒரு பகுதி வைத்திருக்கிறது. 2015இல் சீலிக், விவேக் ஜெயராமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஈயின் தலையை அசையாமல் பொருத்தி, காற்றில் மிதக்கும் குட்டிப் பந்தின்மேல் நடக்கவிட்டு, உயிருள்ள மூளைக்குள் பார்க்க உதவும் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஈ திரும்பத் திரும்ப, வளையத்தில் வேலை செய்யும்போது ஒளிரும் நியூரான் (நரம்பு செல்) கூட்டமும் நகர்ந்தது. இருட்டிலும் அது அணையவில்லை.

இதைப் பைத்தானில் நீங்களே எழுதிப் பாருங்கள். 16 நியூரான்களை வட்டமாக வையுங்கள். பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று தூண்டட்டும், தள்ளி இருப்பவை அடக்கட்டும். எல்லாவற்றுக்கும் சமமாக ஒரு சின்ன உள்ளீடு, கூடவே கொஞ்சம் நாய்ஸ், அதாவது தாறுமாறான ஏற்ற இறக்கம். அளவுகள் சரியாக அமைந்தால், ஈயின் வளையத்தில் ஒளிர்ந்த கூட்டம் போல, ஓரிடத்து நியூரான்கள் மட்டும் சேர்ந்து இயங்கி மேடாக எழும்பி நிற்கும். அடக்குவதைக் குறைத்தால் வளையம் முழுக்க எரியும். தூண்டலைக் குறைத்தால் மேடு கரைந்துபோகும். இணைப்புகளை ஒரு பக்கம் சாய்த்தால் மேடு சுற்ற ஆரம்பிக்கும். இதற்கு வேண்டிய கணக்கு கொஞ்சம் மேட்ரிக்ஸ், கொஞ்சம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், அவ்வளவுதான். பயாலஜியிலிருந்து வருபவர்களுக்கு நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எந்த நியூரான் எதோடு இணைகிறது என்று காட்டும் வயரிங் வரைபடம் கையில் இருந்தால் போதும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 302 நியூரான் கொண்ட சி. எலிகன்ஸ் புழுவின் வரைபடம் 1986லேயே வந்துவிட்டது. அதன் நடத்தை முழுக்க இன்னும் பிடிபடவில்லை. நண்டின் வயிற்றை இயக்கும், ஏறக்குறைய 30 நியூரான்களே கொண்ட நரம்புமுடிச்சில் நரம்பியல் ஆய்வாளர் ஈவ் மார்டர் செய்த வேலையைத் தேடிப் படியுங்கள். இணைப்பு அதேதான், மேலே படும் ரசாயனம் மாறினால் தாளமே மாறிவிடுகிறது.

பேப்பர் படிக்கும்போது, பார்த்ததோடு நின்றார்களா, கைவைத்து மாற்றியும் பார்த்தார்களா என்று கவனியுங்கள். பிஎச்டி நேர்காணலில் என்னைக் குடைந்ததும் இதைத்தான். ஈ விஷயத்தில் 2017இல் கைவைத்தார்கள்: வளையத்தின் வேறோர் இடத்தை ஒளியால் தூண்டியதும் பழைய மேடு அடங்கி, புது இடத்தில் எழுந்தது. உங்கள் 16 நியூரான்களிலும் இது நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.