பார்க்க ஆள் வேண்டும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் கனடாவில், சுவிஸில், லண்டனில். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 2023இல் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கென்று கெயார் விசாவில் இங்கிலாந்துக்குப் போனேன். இந்த முறை லீவில் வந்தபோது பெரியம்மா கேட்டார்: "அங்க கிழவிமாரைக் குளிப்பாட்டுறாய், சாப்பாடு தீத்துறாய், சரி. நீ ஒழுங்காய்ச் செய்யிறியோ எண்டு ஆர் பிள்ளை பாக்கிறது?" சம்பளம் எவ்வளவு என்றுதான் மற்ற எல்லோரும் கேட்டார்கள்.

பார்க்க ஆள் இருக்கிறது. சி.கியூ.சி என்று நாங்கள் சொல்லும் பராமரிப்புத் தர ஆணைக்குழு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அடுத்த ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. இங்கிலாந்துக்கு மட்டும்தான் அது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு அமைப்புகள். அதன் இன்ஸ்பெக்டர் அநேகமாகச் சொல்லாமல்தான் வருவார். ஆணைக்குழு அதிகாரம் கொடுத்தவர் நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், பதிவேடுகளைக் கேட்கலாம், வேலையாட்களைத் தனியே கூப்பிட்டுக் கதைக்கலாம். கேட்டால் தன் அதிகாரப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். காரணமில்லாமல் அவரை மறித்தால் குற்றம்.

எங்கள் இல்லத்தில் நான் முதலில் கண்ட இன்ஸ்பெக்டர் முன்பு நேர்ஸாக இருந்தவர். கோப்பு எதையும் கேட்காமல் நேரே ஓர் அறைக்குள் போனார், குனிந்து கட்டிலடியில் இருந்த காற்று மெத்தையின் பம்பைப் பார்த்தார். படுத்திருப்பவரின் எடைக்கு ஏற்ப அதில் ஒரு குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த அம்மா 45 கிலோ. குமிழ் 80இல் நின்றது. மெத்தை அப்படி இறுகிக் கிடந்தால் படுக்கைப் புண்ணைத் தடுக்க வாங்கியதே வீண். பிறகு நடையில் யாரோ விட்டுப்போன திக்னர் டின்னைத் தூக்கிக் காட்டினார். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களின் தேநீரைத் தடிப்பாக்கும் மா அது. மறதி நோய்க்காரர் ஒருவர் பால்மா என்று நினைத்து அப்படியே வாயில் போட்டால் மூச்சு அடைத்துவிடும். ஒரு இல்லத்தில் அப்படி ஒருவர் இறந்த பிறகு 2015இல் எல்லா இடத்துக்கும் எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு மேசையோரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். வாய் திறந்து குறை சொல்ல முடியாதவர்களுக்காக இப்படி இருந்து கவனிக்க ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். ஊட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறாரா, டிவியைப் பார்க்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதன் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். இரவில் ஆட்கள் போதுமா?

எங்களைப் போன்றவர்களுக்கு இது லேசான கேள்வி இல்லை. என் விசா அந்த முதலாளியின் பெயரில் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க அவருக்குள்ள அனுமதி, அதாவது ஸ்பொன்சர் லைசன்ஸ், போனால் வேறு இடம் தேட வழக்கமாகத் தருவது 60 நாள். 2024 மார்ச் 11இலிருந்து இங்கிலாந்தில் கெயார் வேலையாட்களை ஸ்பொன்சர் செய்யும் இடம் சி.கியூ.சியில் பதிந்திருக்கவும் வேண்டும். ஆக, உண்மையைச் சொன்னால் யாருக்கு அடி விழும் என்று கணக்குப் பார்க்காமல் வாய் திறக்க முடியாது. என்னோடு வேலை செய்த ஒரு கேரளப் பிள்ளை "எல்லாம் நல்லம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் போதாது என்றுதான் சொன்னேன். அறிக்கையில் பெயர் இல்லாமல் வந்தது. இரவுக்கு இன்னொருவரைப் போட்டார்கள்.

சி.கியூ.சி கொடுக்கும் தரம் நான்கு வகை: மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. வாசலில் ஒட்டவேண்டும். ஆனால் ஒட்டியிருக்கும் தாளை முழுசாக நம்பவும் முடியாது. சி.கியூ.சியையே சோதிக்க அரசு நியமித்த பென்னி டாஷ், பல இடங்களுக்கு வருடக்கணக்காக யாரும் திரும்பப் போகவில்லை என்று 2024இல் எழுதினார். நானென்றால் தாளைவிடத் திகதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஊரில் இப்போதும் ஏஜென்ட்டுக்குக் காசு கட்டுகிறார்கள் என்று கேள்வி. 2025 ஜூலை 22உடன் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயார் வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இனி அந்த விசா இருக்கிறது என்பவன் பொய் சொல்கிறான்.

பெரியம்மாவுக்காகத் திருகோணமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதியச் சொல்கிறது. பதிவுப் பத்திரத்தையும் கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் கேட்டேன். பொறுப்பாக இருந்தவர் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் கச்சேரியில இருந்தோ வாறீங்கள்?" அரச செயலகத்து ஆள் என்று நினைத்துவிட்டார். பெறாமகள் என்றால் கேட்கக்கூடாதோ என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெரியம்மாவும் வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்கிறார். இப்போது காலையும் மாலையும் ஒரு அக்கா வந்து பார்க்கிறார். குளிசை கொடுத்த நேரம், சாப்பிட்ட அளவு எல்லாம் எழுத ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். கொப்பியைப் பார்க்கவும் ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரீச்சர், தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், எந்த நேரம் என்று மட்டும் சொல்லமாட்டாராம்.