பேஸ்மென்ட்டில் வழி காட்டும் டேக்: இதுவரை வந்த தூரம்

எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கினால் போனில் இருக்கும் நீலப்புள்ளி தெருமுனை டீக்கடைக்குப் போய்விடும். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் தரையைத் தொடும்போதே மெலிந்துவிடுகிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்ட அதற்குத் தெம்பு இல்லை. மூன்றாம் மாடி அங்கிளுக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. லிஃப்டிலிருந்து பின்கேட் வரை யார் கையையும் பிடிக்காமல் நடக்க ஆசைப்படுகிறார். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் ப்ளூடூத் பீக்கன், அதாவது விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. பட்டன் செல் போட்ட ஆறு பீக்கன்களைத் தூண்களில் ஒட்டினேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பேஸ்மென்ட் திறந்த வெளி இல்லையே. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, அதன்மேல் அசையாமல் நின்றேன். சிக்னல் பலத்தைக் காட்டும் எண்கள் -63, -71, -66, -78 என்று குதித்தன. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பீக்கனுக்கு முதுகைக் காட்டினால் இன்னும் 10 டெசிபல் காணோம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் விழுங்கிவிடுகிறது. கார் ஒன்று வந்து நின்றால் கணக்கே மாறிவிடும். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் ஓரளவு தெரிந்தது. விட்ட வண்டியைத் தேடுகிறவருக்கு அது போதும், அங்கிளுக்குப் போதாது.

அப்புறம்தான் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ முறைக்கு மாறினேன். இது சிக்னலின் பலத்தைப் பார்ப்பதில்லை, அது போய்வரும் நேரத்தை அளக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. ஓடும், இதற்கான டிடபிள்யூ1000 சிப் நேரத்தைச் சுமார் 15.65 பிக்கோ நொடி அலகில் குறிக்கிறது. நான்கு தூண்களில் ஆங்கர் என்ற அசையாத கருவி, கையில் அவற்றோடு சிக்னல் பரிமாறும் டேக். டேப் பிடித்து அளந்த 5 மீட்டரை முதல் நாள் 5.58 என்று காட்டியது. ஆன்டெனாவுக்குள் சிக்னல் தாமதிக்கும் நேரத்தைச் சரிசெய்ததும் 5.04. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தூண் குறுக்கே வந்தால் மட்டும் தூரம் கூடிவிடுகிறது. நேர்வழி அடைபட்டு, சுவரில் பட்டுச் சுற்றி வரும் அலையை அது எடுத்துக்கொள்கிறது. தவறு பெரும்பாலும் கூடுதலாகத்தான் வருகிறது, குறைவாக வருவதில்லை. இது தெரிந்ததும் ஆங்கர்களைத் தலைக்கு மேலே, பீம் ஓரத்துக்கு ஏற்றினேன். இப்போது பிழை 20 செ.மீ.க்குள் நிற்கிறது, சம்ப் மோட்டார் மூலையைத் தவிர.

சனிக்கிழமை அங்கிள் இயர்போனோடு நடந்தார். “வலப்பக்கம் தூண்” என்று குரல் வந்ததும் நின்று, கையை நீட்டி, பெயின்ட் உரிந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“தம்பி, வண்டி வருதான்னு எனக்குக் காதாலதான் தெரியணும். இதுக்குக் கையில அதிர்ற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுப்பா.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. பழைய போன் ஒன்றிலிருந்து வைப்ரேட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று வேண்டும்; இன்னொன்று வாங்க ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும்.