ஜீப்புல மேட்டுக்குப் போறவங்க சட்டைப்பையில ஒரு சீட்டு

சுகர் இருக்கவங்க, மயங்கி விழுந்தா என்ன நோய், என்ன மருந்துன்னு அடுத்தவங்களுக்குத் தெரியற மாதிரி ஒரு சீட்டு எழுதி எப்பவும் கூட வச்சுக்கோங்கன்னு டாக்டருங்க சொல்லாம இல்ல, நாமதான் சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு மாத்திரைய வாங்கிட்டு வந்துருவோம். கம்பத்துக்குள்ளயே இருக்கவங்களுக்கு அது பரவால்ல, மயங்கி விழுந்தா தெருவுல பாதிப்பேரு சொந்தக்காரங்க, யாரு வீட்டு ஆளுன்னு தெரியும், ஒரு பையன் வீட்டுக்கு ஓடுவான். ஆனா விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி கம்பம்மெட்டு வழியா கேரளா பக்கம் வண்டன்மேடு, புத்தடி, கட்டப்பனைன்னு ஏலத்தோட்டத்துக்குப் போறோம் பாருங்க, அங்க விழுந்தா நம்மள யாருன்னே தெரியாதவங்க முன்னாடிதான் விழணும், அதுல பாதிப்பேருக்கு தமிழ் பேசுனா புரியும், படிக்க வராது.

நான் ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல கணக்கு எழுதுறவன், ரெண்டு வேளையும் இன்சுலின். ஆனா இத எழுத வச்சது என் கதை இல்ல, எங்க ஸ்டோர்ல மூட்டை தூக்குற அண்ணனோட கதை. சாரல் நேரத்துல மேட்டுக் குளிர் தெரியும்ல, எல்லாரும் ஸ்வெட்டரும் தலையில துண்டுமா நிக்கிறோம், இவரு சட்ட மட்டும் தொப்பலா நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கெடக்கு. மூட்டைய எங்கண்ணே போடணும்னு கேட்டா வீட்டுக்கு ஓடு மாத்தணும்ங்கிறாரு, நாக்கு கொழறுது, கால் நிக்கல. காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டாரான்னு ரெண்டு பேரு சிரிச்சாங்க. எதுத்த டீக்கடை சேட்டன்தான் ஓடி வந்து பார்த்துட்டு, இது குடி இல்ல ஷுகர்னு சொல்லி, அரை கிளாஸ் தண்ணியில மூணு ஸ்பூன் சீனியப் போட்டுக் கலக்கி வாயில வச்சாரு. அவங்க அம்மாவுக்கு இதே மாதிரி வருமாம். கால் மணி நேரத்துல அண்ணன் முழிச்சு முழிச்சுப் பார்த்துட்டு, என்னைய ஏன்டா எல்லாரும் சுத்தி நிக்கிறீகன்னு கேட்டாரு. சுகரக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரைய போட்டுட்டு ஜீப்பு போயிருமேன்னு சாப்பிடாம ஓடி வந்திருக்காரு, சோறு தூக்குல அப்படியே இருக்கு.

அந்த சேட்டன் இல்லேன்னா? குடிச்சிருக்கான், தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்னு ஓரமா படுக்க வச்சிருப்பாங்க, அதுதான் பெரிய ஆபத்து. ரத்தத்துல சுகர் அளவு 70க்குக் கீழ போனாலே லோ சுகர், 54க்குக் கீழ போச்சுன்னா மூளைக்குப் போறது பத்தாம ஆளு தடுமாற ஆரம்பிச்சுருவாரு, அந்த நேரத்துல எனக்கு சுகர் இருக்குன்னு வாயத் திறந்து சொல்ற நிலைமையில அவரு இருக்க மாட்டாரு, அவருக்குப் பதிலா அந்த சீட்டுதான் பேசணும்.

அதனால சீட்டுல சர்க்கரை நோயாளின்னு மட்டும் எழுதி வச்சா பத்தாது, படிக்கிறவன் என்ன செய்யணும்னு எழுதணும். என் சீட்டுல இருக்கறது இவ்வளவுதான்: எனக்கு சுகர், இன்சுலின் போடுறேன், உளறினா தள்ளாடினா குடின்னு நினைக்காதீங்க, முழிப்பு இருந்தா சீனித் தண்ணி குடுங்க, முழிப்பு இல்லேன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க. கீழ வீட்டு நம்பர். பின்பக்கம் அதே மலையாளத்துல, ஸ்டோர்ல கூட வேலை பார்க்குற சேச்சி எழுதிக் குடுத்தாங்க. மாத்திரை பேரும் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைன்னா சீனி குடுத்து எந்திரிச்சாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப இறங்கும், ஆஸ்பத்திரியில வச்சுப் பார்க்கணும், வெறும் மெட்ஃபார்மின்னா பெரும்பாலும் அந்தப் பயம் இல்ல. சின்ன வயசுலயே வந்த டைப் 1, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத ஆளுங்கன்னா, இன்சுலின நிறுத்தக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க, ஆக்சிடென்ட்ல அடிபட்டு பேச்சு மூச்சில்லாம கெடந்தாலும் அவங்களுக்கு இன்சுலின் வேணும்.

பர்ஸ் தொலையும், சட்டையக் கழட்டி மாட்டிருவோம், அதனால கையிலயும் ஒண்ணு போட்டுக்கிட்டேன். அமெரிக்காவுல 1953ல ஒரு டாக்டரோட பொண்ணுக்கு தடுப்பு மருந்து ஒத்துக்காம உசுரு போற நிலைமை ஆகி, அதுக்கப்புறம் அவங்க வீட்ல அந்த விவரத்த ஒரு வெள்ளி வளையத்துல வெட்டி மாட்டி விட்டாங்க, அதுலருந்து 1956ல மெடிக்அலர்ட்டுன்னு ஒரு அமைப்பே வந்துச்சு. நமக்கு வெள்ளியெல்லாம் எதுக்கு, பாத்திரக்கடையில சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவாங்கள்ல, அவருகிட்ட ஒரு எவர்சில்வர் தகட்டக் குடுத்தேன். யாருக்குண்ணே சீரு, சின்னதா இருக்கேன்னாரு. சொன்னதும் சிரிக்கல, அவரு சம்சாரத்துக்கும் சுகராம், அவங்களுக்கும் ஒண்ணு வெட்டி வச்சுக்கிட்டாரு. மலையாள எழுத்து அவருக்கு வராது, பேப்பர்ல எழுதிக் குடுத்தத படம் வரையற மாதிரி வளைச்சு வளைச்சு அந்த மிஷின் பேனாவ ஓட்டினாரு, சேச்சி பார்த்துட்டு நல்லாவே படிக்க முடியுதுன்னுட்டாங்க.

காய் எடுக்க வர்ற அக்காங்க கையில எதையும் போட முடியாது, செடிக்குள்ள மாட்டும். அவங்க தாலிக்கயித்துல ஊக்கு மாட்டியிருப்பாங்கள்ல, அதோட சேர்த்து தகட்டக் கோத்துக்கிட்டாங்க, ஆம்புலன்ஸ்ல வர்ற நர்சு கழுத்தப் பார்த்தா கண்ணுல படும். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுலருந்து நிறைய பேருக்கு மாத்திரை வீடு தேடி வருது, நல்ல விஷயம்தான், ஆனா மாத்திரை விவரம் எழுதின நோட்டு பீரோ மேல இருக்கு, ஆளு வண்டன்மேட்டுல இருக்காங்க.

போன் லாக் ஸ்கிரீன்லயும் எமர்ஜென்சி தகவல் போட்டு வைக்கலாம், பூட்டைத் திறக்காமலே பார்க்கலாம், சிக்னல் கூட வேணாம். போடுங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க, சார்ஜ் போச்சுன்னா போச்சு.

தெரிஞ்ச ஒரு மதினி, மகளுக்கு பன்னெண்டு வயசுல டைப் 1, சீட்டு வேணவே வேணாங்கிறாங்க, நாளைக்கு மாப்ள பார்க்கும்போது ஊரே பேசுமாம். எனக்கு கோவம்தான் வந்துச்சு, பிள்ளை பள்ளிக்கூடத்துல விழுந்தா அந்த மாப்ளையா வந்து தூக்கப்போறான்? கடைசியில ஸ்கூல் ஐடி கார்டுக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாத மாதிரி சொருகி வைக்க ஒத்துக்கிட்டாங்க, அதுவரைக்கும் சந்தோசம்.

108 ரெண்டு மாநிலத்துலயும் உண்டு, ஆனா மேட்டுல நின்னு கூப்பிட்டா எந்தப் பக்க டவர் கிடைக்குதோ அந்தப் பக்கம் போயிரலாம், அதனால முதல்ல எந்த மாநிலம், எந்த ஊருன்னு சொல்லிட்டு அப்புறம் மத்தத சொல்லுங்க. தகட்டுல நான் மாத்திரை பேரு வெட்டல, அது மாறிக்கிட்டே இருக்கும், மாறும்போதெல்லாம் காகிதச் சீட்ட மட்டும் புதுசா எழுதி ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணிருங்க, பண்ணாத சீட்டு ஆடிச் சாரல்ல ஒரு வாரம் கூட தாங்காது.