திண்ணையில் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்து ஊர்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய விழிப்புணர்வு வேலை பார்க்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. இதெல்லாம் வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1098 எதற்கு என்று கேட்டால், குழந்தைகள் உதவி எண் என்று இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறது. நான் படித்த காலத்தில் இதைச் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தைகூட இல்லை, சொன்னால் வாயிலேயே அடி விழும்.

ஆனால் எங்கள் பேனரில் எப்போதும் இருட்டுத் தெருவும் முகம் தெரியாத ஒருவனின் கையும்தான். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்று 2007-லேயே மத்திய அரசின் ஆய்வு சொல்லிவிட்டது. மாமாவையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் வரைய யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அப்புறம் கத்து, ஓடு, சொல்லு என்று அத்தனை பாரத்தையும் பிள்ளை தலையில் ஏற்றுகிறோம். சரி, பிள்ளை சொல்லிவிட்டது, கேட்ட ஆள் என்ன செய்ய வேண்டும்?

மண்டபக் கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள், ஒரு மத்தியானம் திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினார்கள். கை வேலையில் இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே. "ஏம்மா, போலீசுல சொன்னா பிள்ள பேரு பேப்பர்ல வந்துராதா?" என்று ஒரு அக்கா கேட்டார். பெயர் போட்டால் குற்றம், போலீஸ் யூனிபார்ம் இல்லாமல்தான் வர வேண்டும், வாக்குமூலத்தை வீட்டிலேயே கொடுக்கலாம். எல்லாம் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் இருக்கிறது, எங்கள் பேனர் ஒன்றில்கூட இல்லை.

அடுத்து ஒரு ஆச்சி: "சம்பாதிக்கிற ஆளே அவந்தான்னா, மறுநாள் கஞ்சிக்கு என்ன செய்ய?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். சாப்பாடு, துணிமணி, போக்குவரத்துக்கு உடனடிப் பணம் தரச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது. மறுவாரம் போய்ச் சொன்னேன்.

"நெசமாவே ஒரு வாரத்துல கைக்கு வந்துருமா?" என்றார் ஆச்சி.

நான் கூடப் போன எந்த வழக்கிலும் வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.