மூன்று முறை மாறிய கோடு

நான் வரைபடம் தயாரிக்கிறவன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஜிஐஎஸ் வேலை, அதாவது நிலத் தகவல்களைக் கணினியில் வரைபடமாக்குவது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சில பூர்வகுடி அரசுகளும்தான் எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள். இங்கே கிட்டத்தட்ட 64 கோடி ஏக்கர், அதாவது நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல், மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் "ஓ, புறம்போக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றுதான் பதில் சொல்வேன். அந்தச் சொல்லை நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம், ஆனால் யார் பெயரிலும் பட்டா இல்லாத, எல்லாரும் போய்வரக்கூடிய நிலம் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

2016 டிசம்பர் 28 அன்று யூட்டா மாநிலத்தில் 13.5 லட்சம் ஏக்கரை 'பேர்ஸ் இயர்ஸ்' தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட பொது நிலமாக, ஒபாமா அறிவித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கரடியின் இரண்டு காதுகள் மாதிரி தெரியும் ஒரு ஜோடி மேட்டுக்குன்றுகள், அதனால் அந்தப் பெயர். ஹோப்பி, நவஹோ, ஸூனி, யூட் இனத்தின் இரண்டு அரசுகள் என ஐந்து பூர்வகுடி அரசுகள் சேர்ந்து கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அவர்கள் கேட்டது 19 லட்சம் ஏக்கர். பாறை ஓவியங்கள், பள்ளத்தாக்குச் சுவரில் ஒட்டிக் கட்டிய வீடுகள், தானியக் குதிர்கள், புதைகுழிகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கும் என்கிறார்கள். பெரும்பகுதியை இன்னும் யாரும் முறையாக ஆய்வு செய்யவில்லை.

அந்த எல்லைக்கோட்டை எங்கள் அடிப்படை வரைபடத்தில் ஏற்றியது நான்தான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2017 டிசம்பர் 4 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்டு அதில் 85 சதவீதத்தை வெட்டினார். மிஞ்சியது இரண்டு துண்டுகள், மொத்தம் சுமார் 2 லட்சம் ஏக்கர். 60 நாள் கழித்து, வெளியே விடப்பட்ட நிலத்தில் 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கனிம உரிமை கோரலாம் என்றும் ஆனது.

அந்த வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். இப்போதைக்குச் சட்டப்படி இதுதானே எல்லை என்று பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதியதை அதே கோப்பின் மேல் எழுதிவிட்டேன். பழைய எல்லையைத் திரும்ப வாங்க முடிந்தது, அரசுத் தளத்தில் கிடைக்கிற தரவுதான் அது. ஆனால் அதன் ஓரமாக ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள், எந்த ஓடைக்காக எல்லை வளைகிறது, எந்தப் பாதையை வெளியே விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் போய்விட்டது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. ஒரு கையெழுத்து மாறியதும் முந்தையது நடக்கவே இல்லை என்பது போல நானே நடந்துகொண்டேன்.

அப்புறம் வந்த வேலை இன்னும் கடினமானது. ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பதிவான தொல்லிடங்களின் புள்ளிகளைப் புதிய கோட்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். திரையில் புள்ளிகள் கோட்டுக்கு வெளியே கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. இதை அப்படியே பத்திரிகையில் போட்டால் ஊரே கொந்தளிக்குமே என்று தோன்றியது. ஆனால் போடவே முடியாது. இடம் தெரிந்தால் முதலில் போய் நிற்பவன் பானை திருடுகிறவன். ஒபாமா பயன்படுத்திய தொல்பொருள் சட்டம் 1906-ல் வந்ததே அந்தக் கொள்ளையைத் தடுக்கத்தான். அந்தப் பூர்வகுடி மக்களில் ஒரு பெரியவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோட்டைக் காட்டுங்கள், புள்ளிகளைக் காட்டாதீர்கள். எங்கள் தாத்தா பாட்டிகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று நிரூபித்தால்தான் நம்புவார்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று செய்ததில் மிக முக்கியமான வரைபடத்தை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்தேன்.

சட்டத்தில் இருக்கிற ஓட்டையும் சின்னது இல்லை. ஜனாதிபதி நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம் என்று 1906 சட்டம் சொல்கிறது. கிராண்ட் கேன்யனையே 1908-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இப்படித்தான் காப்பாற்றினார், தேசியப் பூங்கா ஆனது 1919-ல்தான். ஆனால் அடுத்து வருகிறவர் அதைச் சுருக்கலாமா, ரத்து செய்யலாமா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 2017-ல் போட்ட வழக்குகளில் இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வருவதற்குள் 2021 அக்டோபரில் பைடன் பழைய எல்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் அன்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போகும் என்ற பயம் போகவில்லை.

2025 ஜூனில் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நினைவுச்சின்னத்தை ஜனாதிபதியால் ரத்து செய்ய முடியாது என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டக் கருத்து தவறு என்று நீதித்துறை அமைச்சகம் அறிவித்தது. அதே மாதம் மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை விற்கச் சொல்லும் பிரிவு ஒன்றை செனட்டில் பட்ஜெட் மசோதாவுக்குள் சேர்த்தார்கள். விற்கத் தகுதியான நிலங்கள் எவை என்று காட்டும் வரைபடங்கள் வெளிவந்தபோது, தான் மீன் பிடிக்கிற ஓடையும் மான் வேட்டைக்குப் போகிற சரிவும் அந்த நிறத்துக்குள் கிடப்பதைச் சாதாரண ஆட்கள் பார்த்தார்கள். எங்களை எப்போதும் எதிர்க்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். போன் மேல் போன் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் அந்தப் பிரிவை வாபஸ் வாங்கினார்கள். என் வேலைக்கு ஒரு பலன் உண்டு என்று முழுசாக நம்பியது அந்த இரண்டு வாரத்தில்தான்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம், "அண்ணா, பேர்ஸ் இயர்ஸுக்கு மூணு கோப்பு இருக்கே, எது சரியானது?" என்று கேட்டாள். மூன்றையும் திறந்து, எந்தத் தேதியில் யார் கையெழுத்தால் எந்த எல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதையும் அழிக்காதே, எதன் மேலும் எழுதாதே என்றேன். பிறகு உட்கார்ந்து 2016 கோட்டின் ஓரக் குறிப்புகளை, எனக்கு நினைவு இருக்கிற வரைக்கும், அவளோடு சேர்ந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். இதுவரை வடக்குப் பக்கம் முடிந்திருக்கிறது.