மறுகால்

எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம், கோப்பாய். 2019-இல் கல்யாணம் முடித்து மதுரைக்கு வந்தேன். பேசுவது ஒரே தமிழ்தானே, நாடு மாறினால் என்ன என்று நினைத்திருந்தேன். முதல் ஐப்பசி மழையில்தான் இது வேறு நாடு என்று உறைத்தது.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதன் வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். மதுரையிலோ கீழே கெட்டிப் பாறை. ஒரு மணி நேரம் மழை அடித்தால் ரோடு முழுக்க வெள்ளம், பங்குனியில் போர்வெல் வற்றி லாரித் தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி எங்கள் வீட்டிலும் உண்டு. மண் அடைத்துக் கிடந்தது.

கணவர் வேலை பார்க்கும் கல்லூரி நாகமலைப் பக்கம். விடுதிக் கூரையிலும் பாதையிலும் விழும் மழை வந்து சேர அங்கே மூன்று மழைத்தோட்டங்கள் வெட்டியிருந்தார்கள். அரையடிப் பள்ளம், மணலும் மக்கிய உரமும் கலந்த மண், வெட்டிவேர், கோரை. சனிக்கிழமை காலையில் பராமரிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் ஊர் நினைப்பிலேயே கிடந்த நான் அவரோடு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மண் அள்ளக் கடகம் கேட்டேன். தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் சற்று யோசித்து, இரும்புச் சட்டியை நீட்டினார். "இதுவாம்மா? பாண்டுன்னு கேளுங்க."

ஒரு கார்த்திகையில் மூன்று நாளாகியும் ஒரு பள்ளத்தில் தண்ணீர் இறங்கவில்லை. இரண்டு நாளுக்குள் இறங்கிவிட வேண்டும், வாரக்கணக்கில் நின்றால் கொசு பெருகும். கைவிட்டுப் பார்த்தேன். பாதைப் புழுதி விரல் கனத்துக்கு வண்டலாகப் படிந்து மண்ணின் வாயை அடைத்திருந்தது. மாணவர்களும் நாங்களும் வரிசையாக நின்று வழித்து எடுத்தோம். அப்புறம் தண்ணீர் நுழையும் இடத்தில் கூழாங்கல் பரப்பினோம், வண்டல் அங்கேயே தங்கட்டும் என்று. உள்ளே மிதித்தால் மண் இறுகிவிடும், அதனால் களை பிடுங்கக் குறுக்கே பலகை போட்டோம். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னாலேயே, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். இந்த வேலைக்கு முடிவே இல்லை, எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அடுத்த மழை நாங்கள் அங்கே இருக்கும்போதே பிடித்தது. பள்ளம் நிறைந்து கரையின் தாழ்ந்த பக்கமாக வழிந்தது. "வான் பாயுது!" என்று எங்கள் ஊர் வழக்கில் கத்தினேன்.

"மறுகால் பாயுதுன்னு சொல்லுங்க தங்கச்சி" என்றார் அண்ணன். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது என்று, நனைந்துகொண்டே வேலியோரம் கூட்டிப் போய், இந்தத் தண்ணீர் போகிற ஓடையைக் காட்டினார்.

இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று விசாரித்துவிட்டு, இங்கே இன்றைக்கு மறுகால் பாய்ந்தது என்றேன்.

"அதென்ன பிள்ளை?" என்று கேட்டார்.